உங்களுக்குத் தெரியுமா? கணவரைக் கவர்ந்தவர் மீது நட்டஈட்டு வழக்கு!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மணமானவரின் மனத்தைக் கலைத்தவர் என்று மூன்றாம் ஆள் மீது கணவனோ மனைவியோ இன்றும் வழக்குத் தொடரலாம். 2010இல் அங்கே ஒரு மனைவிக்கு 90 லட்சம் டாலர் வழங்கும்படி ஜூரி தீர்ப்பளித்தது. இதன் வேர் பழைய இங்கிலாந்துச் சட்டம். அச்சட்டத்தின் பார்வையில் மனைவி கணவனின் உடைமை. அவளோடு உறவு கொண்டவன் உடைமைக்குச் சேதம் செய்தவன். அதற்காக அவன் மீது தொடுக்கும் வழக்கில் கணவன் மட்டுமே வாதி. அவளோ சாட்சி சொல்லக்கூட முடியாது! இங்கிலாந்து 1857இல் அவ்வகை வழக்கை ஒழித்தது. ஆனால் விவாகரத்து மனுவில் நட்டஈடு கேட்கும் உரிமை 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நீடித்தது. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களும் இதைக் கைவிட்டுவிட்டன.

பெண்களும் வழக்குத் தொடரலாம் என்றான பிறகு இதில் என்ன குறை என்று கேட்கலாம். உடைமையாளர் இருவரானாலும் உடைமை என்ற கருத்து போய்விடுவதில்லை. சட்டம் குடும்பத்தைக் காக்கிறது என்பது இன்னொரு வாதம். ஆனால் வழக்கே குடும்பம் உடைந்த பிறகுதான் வருகிறது. வாக்குக் கொடுத்த துணையை விட்டுவிட்டு, வாக்கே கொடுக்காதவரிடம் பணம் கேட்கிறது. காயம் பொய்யல்ல, அதற்கு விவாகரத்து, ஜீவனாம்சம், சொத்துப் பிரிவினை என்று வழிகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், 2017இல் வட கரோலினா மேல்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்றே தீர்ப்பளித்தது.