கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு மாரியம்மன்

கிள்ளானிலிருந்து கேரித் தீவுக்குப் போயிருப்பவர்கள், கடலுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மண்கரையையும், ஓத நீரை மறித்து நிற்கும் மதகுகளையும் கவனித்திருக்கக்கூடும். கரை உடைந்தால் அங்கே தோட்டமில்லை. சிலாங்கூரில் ஒரு மூலையில் மட்டும் நாம் காணும் இந்த ஏற்பாட்டின்மீது ஜனங்களில் பெரும்பாலோரின் ஜீவனத்தையே நிறுத்தி வைத்திருக்கும் தேசம் ஒன்று தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கிறது. அதன் பெயர் கயானா. அதன் கிழக்குக் கோடியிலுள்ள பெர்பீஸ் பிரதேசத்தில் நம் மாரியம்மன் குடியிருக்கிறாள்.

கயானாவின் பரப்பு 2,14,969 சதுர கிலோமீட்டர், அதாவது தீபகற்ப மலேசியாவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஜனத்தொகையோ சுமார் எட்டு லட்சம், கிள்ளான் மாவட்டத்தைவிடக் குறைவு. உள்நாடு முழுவதும் வனாந்தரம். 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் விழும் கயெட்டூர் அருவி அங்கேதான் இருக்கிறது. மனிதர்கள் ஏறக்குறைய எல்லோரும் வசிப்பதோ, கடல் பொங்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும் ஒரு குறுகிய கரையோரத்தில். தலைநகர் ஜார்ஜ்டவுனையே ஒரு கடற்சுவர்தான் காக்கிறது.

கடலிடமிருந்து நிலத்தைப் பறிக்கும் வித்தையில் கைதேர்ந்த டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வந்து சேர்ந்து, காலப்போக்கில் எஸ்ஸெக்கிபோ, டெமராரா, பெர்பீஸ் ஆகிய நதிகளின் கரைகளில் குடியேற்றங்களை ஸ்தாபித்தார்கள். வித்தை அவர்களுடையது; உழைப்பு ஆப்பிரிக்க அடிமைகளுடையது. கரும்புத் தோட்டங்களின் கால்வாய்களையும் கரைகளையும் உண்டாக்குவதற்கு 10 கோடி டன் மண்ணாவது அள்ளப்பட்டிருக்க வேண்டும் என்று 1948-இல் நியமிக்கப்பட்ட வென் விசாரணைக் குழு கணக்கிட்டது. அந்த அடிமைகள் 1763-இல் கஃபி என்பவனின் தலைமையில் பெர்பீஸில் கிளர்ந்தெழுந்து, பல மாதங்கள் அப்பிரதேசத்தைத் தங்கள் வசத்தில் வைத்திருந்தார்கள். 1814-இல் அக்குடியேற்றங்கள் முறைப்படி பிரிட்டிஷாருக்குக் கைமாறின. 1831-இல் மூன்றும் ஒன்றாயின.

அடிமைத்தனத்தைச் சட்டம் ஒழித்ததும் தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மீது விழுந்தது. 1838-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கின. 1917 வரை அப்படிச் சென்றவர்கள் சுமார் 2,39,000 பேர். அவர்களில் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் ஏறத்தாழ 15,000 பேர்தான். போஜ்புரி பேசும் பெருங்கூட்டத்தின் நடுவே, தோட்டத்துக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்துப் போடப்பட்ட அந்தத் தென்னாட்டாருக்கு 'மதராஸிகள்' என்று பெயர் வந்தது.

அவர்களுடைய சந்ததியாரிடம் இன்று தமிழ் பாஷை இல்லை என்பதைக் கேள்விப்படும்போது, நம்மவர் சிலர் பரிதாபத்தோடு கொஞ்சம் பெருமையையும் கலந்து பேசுவதுண்டு. அந்தப் பெருமை நியாயமானதல்ல என்பது என் அபிப்பிராயம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர் சுமார் ஒரு வாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். டெமராராவுக்குப் பாய்மரக் கப்பலில் மூன்று மாதங்களுக்கும் மேல் பிடித்தது. இங்கே கங்காணி ஊருக்குப் போய்த் தன் உறவின்முறையையே திரட்டி வந்தான். பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1924-இல் தமிழ் நேசன் கோலாலம்பூரில் பிறந்தது. பெண் எடுக்கவும், கருமாதிக்குப் போகவும், குலதெய்வத்துக்கு முடி இறக்கவும் மலாயாத் தமிழன் ஊருக்குப் போய்த் திரும்ப முடிந்தது. இத்தனை அனுகூலங்களும் இருந்து நாம் காப்பாற்றிய பாஷையை, ஒன்றுமில்லாமல் அவர்கள் காப்பாற்றவில்லை என்று குறை சொல்வதெப்படி?

அவர்கள் காப்பாற்றியது வேறு. பெர்பீஸின் காளிமாயி கோயில்களில் மாரியம்மனுக்குத் துணையாக மதுரை வீரனும் சங்கிலிக் கருப்பனும் முனீஸ்வரனும் நிற்கிறார்கள். தப்பு முழங்குகிறது, வேப்பிலையும் மஞ்சளும் மணக்கின்றன, கரகம் எடுக்கிறார்கள், கிடாய் வெட்டுகிறார்கள். அர்த்தம் மறந்துபோன தமிழ்ப் பாட்டுகளைச் செவிவழியாகப் பாடுகிறார்கள். பூசாரிக்கு மருள் வந்தபின் நோய்க்கும் மனக்குறைக்கும் பரிகாரம் கேட்டு வரிசையில் நிற்பவர்களிடையே ஆப்பிரிக்க வம்சத்தினரும் உண்டு; கேட்பது கிரியோல் ஆங்கிலத்தில். வட இந்தியச் சனாதனிகளும் கிறிஸ்தவப் பாதிரிமார்களும் நெடுங்காலம் இந்த வழிபாட்டை இழிவாகவே நினைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது அழியாமல் நின்றதன் அருமை விளங்கும். தோட்டத்து லயத்தின் கடைசியில் முனியாண்டிக்கு ஒரு கல் நட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

தோட்டத்துத் துரைத்தனமும் இரு நாடுகளிலும் ஒரே சுபாவமுடையதாகவே இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், சீனருக்குச் சமமான சம்பளமும், துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்காதிருக்கும் உரிமையும் கேட்டு நடந்த வேலைநிறுத்தம், அதன் தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டதும் கலகமாகி, பட்டாளத்தின் துப்பாக்கியில் முடிந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1948 ஜூன் 16 அன்று, கயானாவின் என்மோர் தோட்டத்திலும் துப்பாக்கி வெடித்தது. வெட்டிய கரும்பைக் கீழே போட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை மாற்றி, வெட்டியவனே அதைக் கட்டித் தலையில் ஏற்றி, கால்வாயில் நிற்கும் இரும்புப் படகுவரை சுமந்து நிரப்ப வேண்டும் என்ற முறையை எதிர்த்து நின்ற தொழிலாளர்களில் ஐவர் உயிரிழந்தனர். அந்தச் சாவுகள் கரும்புத் தோட்டத்துப் பிள்ளையான செட்டி ஜெகனின் அரசியல் வாழ்வைத் தீர்மானித்தன. 1953-இல் தேர்தலில் வென்று அவர் அமைத்த ஆட்சியை 133 நாட்களில் பிரிட்டன் கலைத்துவிட்டது. 1966-இல்தான் சுதந்திரம் வந்தது. இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையில் அதற்குள் விளைந்துவிட்ட பகைமையின் கதை தனியே எழுத வேண்டிய அளவுக்கு நீளமானது.

மதராஸிகளின் பெயர்கள் இன்னும் கரையவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் டெஸ்ட் அணிக்கு இடக்கையால் சுழற்பந்து வீசிய பெர்பீஸ்காரரின் பெயர் வீராசாமி பெருமாள். 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதம மந்திரியாக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. பெர்பீஸில் விம் என்ற கிராமத்தில் மதராஸிக் குடும்பத்தில் பிறந்த அவர், அவ்வூர் மீனவ ஜனங்களின் வாழ்க்கையை 'ஹென்ட்ரீஸ் க்யூர்' என்ற ஆங்கில நாவலாக எழுதியிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைக்காரர் எவரேனும் அதில் பத்துப் பிரதிகள் வரவழைத்து வைத்தால் நஷ்டப்பட மாட்டார் என்றே நினைக்கிறேன்.