தண்ணீர் வேண்டாம், இருட்டு போதும்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகளின் வாசலிலும் மாடிப்படியிலும் மயங்கிக் கிடக்கும் பறவைகளில் ஆறுமணிக் குருவியும் ஒன்று. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை; வால் மட்டும் வெட்டிவிட்டது போலக் குட்டை. அந்த வாலைப் பார்த்துவிட்டு, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் அது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டி முடித்து, இரவுகளில் பறந்து தெற்கே வரும் பறவை. பயணக் களைப்போடு, கண்ணைக் குழப்பும் விளக்கும், மரத்தையும் வானத்தையும் அப்படியே காட்டும் சன்னல் கண்ணாடியும் சேர்ந்து அதைத் தரையில் தள்ளிவிடுகின்றன. வீட்டில் நான்கைந்து வயதுக் குழந்தை இருந்தால், பெரும்பாலும் அதன் கண்ணில்தான் முதலில் படும். அதன் கூச்சலுக்கு வீடே கூடிவிடும். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார், ஒருவர் அரிசி இறைப்பார், குழந்தை தடவிக்கொடுக்கும். மூன்றும் இரக்கத்தால் செய்பவைதான். மூன்றிலும் பறவைக்கு நன்மை எதுவும் இல்லை, இரண்டு அதன் உயிருக்கே ஆபத்து. மயங்கிய பறவைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, நம் கையை அடக்கிக்கொள்வதுதான்.

காரணம் பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. அதன் நாக்குக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பிளவு உண்டு. அதுதான் மூச்சுக்குழாயின் வாய். சரியாக விழுங்க முடியாத நிலையில் ஊற்றும் தண்ணீர் அதன் வழியே உள்ளே போய் மூச்சை அடைத்துவிடலாம். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானமும் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று போய்வரும். குழந்தை ஆசையாக இறுக்கிப் பிடித்தால், மூக்கைப் பொத்தாமலே மூச்சு நின்றுபோகும். அரிசியோ வெறும் வீண். ஆறுமணிக் குருவி சருகைக் கிளறிப் பூச்சி, புழு தின்னும் பறவை. தடவிக்கொடுப்பது நாய்க்குப் பிடிக்கலாம். காட்டுப் பறவைக்கோ மனிதக் கை, தன்னைப் பிடித்துத் தின்ன வந்த விலங்கின் பிடி. கையில் அது அசையாமல் இருப்பதைப் பார்த்து, பழகிவிட்டது என்று மகிழ்கிறோம். உண்மையில் அது பயத்தில் உறைந்து கிடக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? ஓர் அட்டைப்பெட்டி போதும். காலணி செய்யும் ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து வீடுகளில் ஷூ பெட்டிக்கா பஞ்சம்? பறவையை வைப்பதற்கு முன்பே பென்சிலால் ஏழெட்டுத் துளை போட்டு, கால் வழுக்காமல் இருக்கப் பழைய பருத்தித் துணியை விரிக்க வேண்டும். பறவைமேல் மெல்லிய துண்டைப் போட்டு, இரு கையாலும் மெதுவாக எடுத்து உள்ளே வைத்து மூடி, வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத, பூனை நுழையாத மூலையில் வைத்துவிட வேண்டும். இருட்டில் பறவை அடங்கும். நடுநடுவே திறந்து பார்க்கக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மரத்தடிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தால், தேறிய பறவை தானே போய்விடும். பொழுது சாய்ந்துவிட்டால் விடியும்வரை வைத்திருக்கலாம். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, பூனை வாய் வைத்திருந்தாலோ காத்திருக்காமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். வாணியம்பாடி வட்டாரத்து ஆலங்காயத்தில் வனச்சரக அலுவலகமே இருக்கிறது. தொட்டவர்கள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

‘பெட்டியை மூடிவிட்டால் குழந்தை ஏமாந்து போகாதா, நாலு நாள் வளர்த்தால்தானே உயிர்கள்மேல் பாசம் வரும்’ என்று கேட்கலாம். முதலில், சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ சொல்லியாக வேண்டும். அதைவிட முக்கியம், பாசம் வளர்வதற்கு உடைமை தேவையில்லை என்பது. பறவையியலாளர் சலீம் அலி சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சளைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. நம் குழந்தைக்கும் அதுபோல் வேலை கொடுக்கலாம்: கடிகாரம் பார்ப்பது, யாரும் சத்தம் போடாதபடி காவல் இருப்பது, பறவையின் நிறங்களை நினைவிலிருந்து வரைவது, பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது.

‘வாழ்வதும் சாவதும் இயற்கை, நாம் ஏன் தலையிட வேண்டும்’ என்பது இன்னொரு கேள்வி. கண்ணாடியை மாட்டியது இயற்கை அல்ல, நாம். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடி பறவைகள்வரை கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மோதியபின் மறுவாழ்வு மையங்களில் சேர்க்கப்பட்ட 3,100க்கும் மேற்பட்ட பறவைகளில் சுமார் 60 சதவீதம் பிழைக்கவில்லை என்று அங்கே 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே பெட்டி முதலுதவிதான். மருந்து சன்னலில் இருக்கிறது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் கோடுகளோ புள்ளிகளோ ஒட்டினால், அங்கே தடை இருப்பது பறவைக்குத் தெரியும். இரவில் தேவையற்ற விளக்கை அணைப்பது அடுத்தது. ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் வரும் காவலூரில் வானியல் ஆய்வுக்கூடம் அமைந்ததற்கு அங்கிருந்த இருண்ட வானமும் ஒரு காரணம். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு வேண்டிய அதே இருட்டுதான் இரவில் பறக்கும் குருவிக்கும் வேண்டும்.

புரட்டாசி பிறக்கும் முன் ஒரு ஷூ பெட்டியில் துளை போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். பறவை உள்ளே இருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லி வையுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.