வற்றாளையும் உருளைக்கிழங்கும்: உணவுப் பெறுமானம் பற்றிய ஓர் ஒப்பீடு

ஓர் உணவின் விலையே அதன் சத்துக்கும் அளவுகோல் எனக் கருதும் மயக்கம் எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. விருந்தினர் வரும் நாளில் உருளைக்கிழங்குக் கறி ஆக்கப்படும். வற்றாளங்கிழங்கோ அரிசி குறைந்த நாளில் அவித்துண்ணும் பண்டமாக எண்ணப்படும். இம்மதிப்பீட்டுக்கு உணவு விஞ்ஞானத்தில் ஆதாரம் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்தார் சர்க்கரைவள்ளி என வழங்கும் வற்றாளையும் உருளைக்கிழங்கும் தாவரவியலில் வெவ்வேறு குடும்பத்தவை. உருளைக்கிழங்கு கத்தரி, தக்காளி என்பவற்றின் இனம். நிலத்தடித் தண்டு பருத்து உருவாவது. வற்றாளை பருத்த வேராகும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி எம்மை வந்தடைந்தவை. ஆகவே ஒன்றைச் 'சுதேச உணவு' என்றும் மற்றதை 'அந்நிய உணவு' என்றும் பிரிப்பதற்கு வரலாற்றில் இடமில்லை.

சமைக்காத 100 கிராம் உருளைக்கிழங்கு ஏறத்தாழ 77 கலோரியையும், செம்மஞ்சள் தசையுடைய வற்றாளை 86 கலோரியையும் தருகின்றன. புரதம் முன்னையதில் 2 கிராம், பின்னையதில் 1.6 கிராம். நார்ப்பொருள் முறையே 2, 3 கிராம் அளவினது. பொற்றாசியம் உருளைக்கிழங்கில் 420 மில்லிகிராம் வரையும் வற்றாளையில் 340 மில்லிகிராம் வரையும் உண்டு. விற்றமின் சீ உருளைக்கிழங்கில் 20 மில்லிகிராம் அளவில் இருக்க, வற்றாளையில் மிகக் குறைவாகவே காணப்படுகின்றது. இதுவரை நோக்கின், இரண்டும் பெரிதும் மாப்பொருள் உணவுகளே. உருளைக்கிழங்கு சிலவற்றில் முந்தி நிற்கின்றது எனவும் கூறலாம்.

அடிப்படை வேறுபாடு விற்றமின் ஏ தொடர்பானது. உருளைக்கிழங்கில் இச்சத்து இல்லை என்றே கூறலாம். செம்மஞ்சள் வற்றாளை 100 கிராமில் உள்ள பீற்றா கரோற்றீன் உடலில் ஏறக்குறைய 700 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ-க்கு ஈடாகும். நான்கு முதல் எட்டு வயதுச் சிறாரின் நாளாந்தத் தேவையோ 400 மைக்கிரோகிராம் மாத்திரமே. இவ்விற்றமின் குறைபாடு மாலைக்கண்ணையும், முற்றினால் பார்வையிழப்பையும் விளைவிப்பது. குழந்தைகளின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் குன்றச் செய்வது. செம்மஞ்சள் வற்றாளையை மொசாம்பிக், உகண்டா முதலிய ஆபிரிக்க நாடுகளிற் பரப்பிய ஆய்வாளர்களுக்கு 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டமை இதன் முக்கியத்துவத்தைப் புலப்படுத்தும்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. இச்சிறப்பு எல்லா வற்றாளைக்கும் உரியதன்று. வெண்தசைக் கிழங்கில் கரோற்றீன் மிகச் சொற்பம். தோல் சிவந்திருப்பதும் சான்றாகாது. வெட்டிப் பார்த்துத் தசையின் நிறத்தைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். மேலும், கரோற்றீன் கொழுப்புடன் சேர்ந்தே உடலில் நன்கு உறிஞ்சப்படுகின்றது. அவித்த கிழங்கைத் தேங்காய்ப்பூவுடன் உண்ணும் எமது வழக்கம் இவ்வகையிற் பொருத்தமானதே. நீரிழிவு நோயாளர், வற்றாளையைச் சுடுவதிலும் அவிப்பது குருதியிற் சர்க்கரையை மெதுவாக உயர்த்தும் என்பதையும், எவ்வாறு சமைப்பினும் அளவு முக்கியம் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

அவ்வாறாயின் வற்றாளை தாழ்வாக எண்ணப்பட்டது எதனால்? விடை சத்தில் அன்று, சமூகத்தில் உள்ளது. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கே ஏழையின் உணவாயிருந்தது. 1845இல் வெளிறல் நோய் அப்பயிரை அழிக்கத் தொடங்கியபோது, அதனையே நம்பியிருந்த அயர்லாந்துக் குடியானவர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். இங்கோ அக்கிழங்கு குளிரான காலநிலையையும் விலைகூடிய விதைக்கிழங்கையும் வேண்டி நின்றது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டின்கீழ் யாழ்ப்பாண விவசாயிக்கு வருவாய் ஈட்டித்தந்த அப்பயிர், 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதியின் போட்டிக்கு உள்ளாயிற்று. வற்றாளைக்கோ கொடித்துண்டு ஒன்றே போதும், மூன்று நான்கு மாதங்களில் விளைந்துவிடும், இளங்கொழுந்தும் கீரையாகும். எளிதிற் கிடைப்பது மலிவானது. மலிவானது மதிப்பற்றது என்ற சந்தையின் தருக்கமே எம் உணவுத் தட்டிலும் ஆட்சி செலுத்தியுள்ளது.

ஆகவே ஒன்றை உயர்த்தி மற்றதைத் தள்ளுவது இவ்வொப்பீட்டின் முடிவன்று. புரதத்திலும் விற்றமின் சீ-யிலும் உருளைக்கிழங்கு தன் பங்கை ஆற்றுகின்றது. ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்தின் குழந்தைக்கு விற்றமின் ஏ-யை மலிவாகத் தரவல்லது செம்மஞ்சள் வற்றாளையே. அத்தகைய இனங்களின் கொடிகளைத் தெரிந்தெடுத்து வீட்டுத்தோட்டங்களுக்கும் பாடசாலைத் தோட்டங்களுக்கும் கிடைக்கச் செய்வது, பெருஞ்செலவின்றி ஆற்றக்கூடிய பயனுள்ள பணியாகும்.