கரண்டு தனியார் கைக்குப் போனால் கணக்கு கேட்பது யார்?

ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். மோட்டார் ஓடினால்தான் தோட்டம். கரண்டு நின்றால் விவசாயிகள் நேரே மின்வாரிய ஆபீசுக்குப் போய், "எப்ப சார் வரும்?" என்று கேட்பார்கள். பதில் கிடைக்கிறதோ இல்லையோ, கேட்க ஒரு இடம் உண்டு.

அந்த இடம் தனியார் கம்பெனி ஆகிவிட்டால்? தலைநகர் டெல்லியின் கதையைப் பார்க்கலாம்.

2002 ஜூலை 1-ந் தேதி டெல்லியின் மின் வினியோகம் 3 கம்பெனிகளிடம் போனது. தனியாருக்கு 51 சதவீதப் பங்கு. டெல்லி அரசுக்கு 49 சதவீதம். அதற்குமுன் பாதி அளவுக்கு இருந்த மின் இழப்பு, திருட்டு எல்லாம் பெருமளவு குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

தகராறு வந்தது கணக்கில்தான்!

"நஷ்டம்" என்றன கம்பெனிகள். "பில் தாங்கலை" என்றார்கள் ஜனங்கள். 2014 ஜனவரியில் கெஜ்ரிவால் அரசு, சி.ஏ.ஜி. எனப்படும் மத்திய தணிக்கை அதிகாரி கணக்கைப் பார்க்கட்டும் என்று உத்தரவு போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கட்டணத்தை முடிவு செய்ய ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறதே என்று சொல்லி, 2015 அக்டோபர் 30-ந் தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

ரூ.27,200 கோடி பாக்கி

கட்டணத்தில் வசூலிக்காமல் தள்ளி வைத்த தொகை வட்டியோடு குட்டி போட்டது. 2024 மார்ச் வரை டெல்லியில் மட்டும் ரூ.27,200 கோடி! இதைத் தீர்க்க 2024 ஏப்ரலில் இருந்து 7 ஆண்டு கெடு விதித்து 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பாக்கி எப்படிச் சேர்ந்தது என்று ஆணையங்கள் தீவிரமாகத் தணிக்கை செய்யவும் சொன்னது. கடைசியில் சுமை பில் கட்டுகிறவன் தலையில்தான்.

நம்ம ஊர் மின்வாரியம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கடன் மலைபோல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அரசுக் கழகம் என்பதால் சி.ஏ.ஜி. அதைத் தோண்டலாம். அறிக்கை சட்டசபைக்கு வரும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் பம்புசெட்டுக்கு பில் கிடையாது. அந்தப் பணத்தை அரசு கொடுக்கிறது. பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரும் இல்லை. நாளைக்குக் கம்பெனி வந்து, "ஓடைப்பட்டி மோட்டார்கள் இத்தனை யூனிட் இழுத்தன" என்று அரசிடம் பணம் கேட்டால், சரிபார்ப்பது யார்?

ஒரு வழி உண்டு. கட்டணம் மாற்றுமுன் ஆணையம் பொதுமக்களிடம் கருத்து கேட்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கூட்டம் நடந்தது. ஓடைப்பட்டிக்காரர் தேனி வழியாக மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் வேலை போச்சு! செப்டம்பர் 10-ந் தேதி கட்டணம் உயர்ந்தது.