மனுவை போன் எழுதலாம், பேச்சு நம்முடையதாக இருக்கட்டும்



கொஞ்ச காலமாக நம் கூட்டமைப்புக்கு வரும் கடிதங்கள், கடன் விண்ணப்பங்கள், மனுக்கள் எல்லாம் பார்க்க மிக அழகாக இருக்கின்றன. எழுத்துப்பிழை இல்லை. ஆனால் எந்தக் குழு எழுதியது என்று கீழே பெயரைப் பார்த்தால்தான் தெரிகிறது. கோவளம் பக்கத்துக் குழுவும் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் குழுவும் ஒரே குரலில் பேசுகின்றன. விசாரித்தோம். "புள்ளைங்க போன்ல ஏ.ஐ.ன்னு ஒண்ணு இருக்குது. சொன்னா போதும், எழுதிக் குடுத்துடுது" என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏ.ஐ. என்றால் என்ன?

ஏ.ஐ. என்பதைத் தமிழில் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இது எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. ஜெமினி போன்று வேறு சிலவும் உள்ளன. தமிழில் பேசினாலே எழுதித் தரும்.

இது எப்படி எழுதுகிறது? தீர்மானப் புத்தகத்தில் "இன்று நடைபெற்ற கூட்டத்தில்" என்று ஆரம்பித்தால், அடுத்து "உறுப்பினர்கள் அனைவரும்" என்று நம் கை தானாகவே போகிறது அல்லவா? அந்த மாதிரிதான். ஏராளமான பக்கங்களைப் படித்துப் பழகி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. அது படித்ததில் பத்திரிகைத் தமிழும் அலுவலகத் தமிழும்தான் அதிகம். வாடைக்காத்து, கச்சான்காத்து என்று நம் கடற்கரையில் பேசுகிற பேச்சு அதில் கொஞ்சம்தான். அதனால் நாம் எதைச் சொன்னாலும் பொதுவான தமிழுக்கு மாற்றிவிடும். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அதுவாகவே நிரப்பியும் விடும். நிரப்பியது உண்மையா பொய்யா என்று அதற்குத் தெரியாது.

ஒரு மனுவுக்கு நேர்ந்த கதி

கடலோரக் குப்பம் ஒன்றில் நம் குழு இருக்கிறது. அங்கே நிலத்தடி நீர் உப்பு. லாரித் தண்ணீர்தான். கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "விடியக்காலம் அஞ்சு மணிக்குக் குடத்த வரிசையில வெச்சா ஏழு மணிக்குத்தான் லாரி வருது. அதுக்குள்ள மீன் ஏலம் முடிஞ்சிடுது. தண்ணி புடிச்சா யாவாரம் இல்ல, யாவாரத்துக்குப் போனா தண்ணி இல்ல."

இதை மனுவாக எழுத ஏ.ஐ.யிடம் கொடுத்தார்கள். "எங்கள் பகுதியில் நீண்ட காலமாகக் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவுவதால் சுமார் 500 குடும்பங்கள் பெரும் அவதிக்குள்ளாகியுள்ளன" என்று வந்தது. படிக்க கம்பீரமாக இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் கேட்டார்கள்: "500 குடும்பமா? உங்க தெருவுல எத்தனை வீடு?" உண்மையில் 84 வீடு. போன பிரதிநிதிக்குப் பதில் சொல்ல வரவில்லை. மனுவை அவர் முழுதாகப் படித்திருக்கவே இல்லை. "யாரோ எழுதிக் குடுத்தத எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டார்.

இதில் குழுவின் தவறும் உண்டு, எங்கள் தவறும் உண்டு. கூட்டமைப்பில் அந்த மனுவைப் பார்த்த நாங்களும் "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னோம். மீன் ஏலம் என்ற சொல்லே மனுவில் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிரச்சினையின் உயிரே அதுதான். தண்ணீர் வரவில்லை என்பது அல்ல புகார். வருகிற நேரம் சரியில்லை என்பதுதான் புகார்.

மறுபடி எழுதினார்கள். அக்கா சொன்ன பேச்சு, 84 வீடு, லாரி வரும் நேரம், ஏலம் நடக்கும் நேரம், மாலை நான்கு மணிக்கு லாரி வேண்டும் என்ற கோரிக்கை. ஒரே பக்கம். ஏ.ஐ.யிடம் பிழை மட்டும் திருத்தச் சொன்னார்கள். இப்போது வாரத்தில் நான்கு நாள் லாரி மாலையில் வருகிறது. குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக மனு போட்டிருக்கிறார்கள்.

கைநாட்டிலிருந்து வந்தவர்கள் நாம்

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோதும், பிறகு மகளிர் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கு வந்தபோதும், எத்தனையோ பெண்கள் முதலில் கற்றது தங்கள் பெயரை எழுதத்தான். புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றார்கள், கையெழுத்துப் போடக் கற்றார்கள், மனு எழுதவும் கற்றார்கள். அதற்கு முன் அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைத்த காலம் இருந்தது. படிக்காமல் ஏ.ஐ. மனுவில் கையெழுத்துப் போட்டால் நாம் மறுபடி அங்கேதான் போய் நிற்போம்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களைப் பார்த்திருப்பீர்கள். இப்போது கல்லை அறுக்க மெஷின் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனாலும் சாமி சிலைக்குக் கண் திறப்பது சிற்பியின் உளிதான். நாமும் அப்படி வைத்துக்கொள்வோம்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதலில் கூட்டத்தில் பேசுங்கள். யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே நோட்டில் எழுதுங்கள், அல்லது போனில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு ஏ.ஐ.யிடம் போங்கள்.

2. "மனு எழுதிக் கொடு" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "நான் சொன்னதை மட்டும் எழுது. புதிதாக எதையும் சேர்க்காதே. என் சொற்களை மாற்றாதே. பிழை மட்டும் திருத்து" என்று சொல்லுங்கள்.

3. வந்ததைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் புரிய வேண்டும். "இது நாம பேசுற மாதிரி இல்லையே" என்று ஒருவர் சொன்னாலும் அந்த வரியை மாற்றுங்கள்.

4. எண், தேதி, பெயர், தொகை எல்லாவற்றையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திட்டத்தின் பெயரோ அரசாணை எண்ணோ அதுவாகப் போட்டிருந்தால், விசாரித்து உறுதி செய்யாமல் விடாதீர்கள்.

5. பொருளுக்கு விளம்பரம் எழுதும்போதும் இதேதான். "தரமான, சுவையான கருவாடு" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். "நெத்திலியை மணலில் போடாமல் வலை விரித்துக் காய வைக்கிறோம்" என்று அப்படிச் செய்கிறவர்தான் எழுத முடியும். வாங்குகிறவருக்கு அதுதான் நம்பிக்கை தரும்.

6. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி., உறுப்பினர்களின் கடன் விவரம், வீட்டுப் பிரச்சினை இவற்றை அதில் போடவே கூடாது.

இன்னொரு உதவியும் இதனால் உண்டு. வங்கியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ புரியாத கடிதம் வந்தால், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு, எளிய தமிழில் சொல்லும்படி கேட்கலாம். எழுதக் கூச்சப்படும் அக்காமார்கள் வாயால் சொல்லி எழுத வைக்கலாம். யாரையும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தாங்கள் கடைசியாகக் கொடுத்த மனுவின் நகலைக் கொண்டு வாருங்கள். சத்தமாகப் படித்துப் பார்ப்போம். அதில் உங்கள் ஊர் இருக்கிறதா, உங்கள் வீட்டு எண்ணிக்கை இருக்கிறதா, உங்கள் பேச்சு இருக்கிறதா என்று சேர்ந்தே பார்ப்போம். இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுதுவோம்.