கிமோனோவைக் காக்கும் கலை

கிமோனோ, சுமார் 36 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே துணிச்சுருளை நேர்க்கோடுகளாக வெட்டித் தைக்கும் ஆடை. தையலை ஒட்டியே மடித்தால் அது நீள்சதுரமாகத் தட்டையாகப் படிந்துவிடும். அதனால் ஜப்பானியர் அதைத் தொங்கவிட்டுச் சேமிப்பதில்லை; மடித்துப் படுக்கைவாக்கில் வைக்கிறார்கள்.

இந்தச் சேமிப்பு முறை பெரும்பாலும் ஈரப்பதத்தை எதிர்த்து உருவானது. ஜூனிலும் ஜூலையிலும் 'சுயு' எனும் மழைக்காலம் நீள்கிறது. அப்போது பட்டில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஆகவே உடுத்திக் களைந்த கிமோனோவை உடனே மடிப்பதில்லை. நிழலில் விரித்துத் தொங்கவிட்டு, உடல் ஈரம் ஆறிய பிறகே மடிப்பார்கள். மடித்ததை 'தாதோஷி' என்னும் காகித உறையில் பொதிவார்கள். அந்தக் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். நிறம் மங்கிப் புள்ளி விழுந்தால் மாற்றிவிடுவார்கள்.

உறையிட்ட ஆடை 'தான்சு' எனும் இழுப்பறைப் பெட்டிக்குள் போகும். இதற்குச் சிறந்தது 'கிரி' மரம். எடை குறைந்த இம்மரம் ஈரக் காற்றில் உப்பி இடுக்குகளை அடைக்கும். வறண்ட காலத்தில் சுருங்கிக் காற்றை உள்ளே விடும். நீகாத்தா மாகாணத்தின் காமோ நகரம் இவ்வகைப் பெட்டிகளுக்குப் பேர்போனது. பெண் குழந்தை பிறந்ததும் கிரிக் கன்று நட்டு, அவள் திருமணத்தின்போது அதை வெட்டிப் பெட்டி செய்து தரும் வழக்கமும் இருந்தது.

தான்சுவுக்கு முன் புழங்கியது 'நாகமோச்சி' என்ற நீண்ட பெட்டி. சிலவற்றுக்குச் சக்கரமும் உண்டு. 1657இல் எடோ நகரம் பெருந்தீயில் எரிந்தபோது, மக்கள் இழுத்துவந்த சக்கரப் பெட்டிகள் தெருக்களை அடைத்துக்கொண்டன. பின்னாளில் அரசு அவற்றைத் தடைசெய்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இழுப்பறைப் பெட்டிகள் பரவத் தொடங்கின.

பெட்டியில் வைத்ததோடு வேலை முடிவதில்லை. மழைக்காலம் ஓய்ந்த கோடையிலும், இலையுதிர் காலத்திலும், குளிர்காலத்தின் வறண்ட நாள்களிலும் ஆடைகளை வெளியே எடுத்துக் காற்றாட விடுவார்கள். இதற்கு 'முஷிபோஷி' என்று பெயர். 'பூச்சி போகக் காயவைத்தல்' என்பது பொருள். வெயில் சாயத்தை வெளிறச் செய்யும் என்பதால் இதையும் நிழலிலேயே செய்வார்கள். பூச்சிகளைத் தடுக்கக் கற்பூரம் வைப்பதும் உண்டு.

பருவத்துக்கேற்ப உடை மாற்றுவது 'கொரோமோகாயே'. ஹெய்யான் கால அரண்மனைச் சடங்காக இருந்த இது, இன்று ஜூன் 1, அக்டோபர் 1 என்ற இரு நாள்களில் நிலைத்திருக்கிறது. பள்ளிச் சீருடைகள் அன்றே மாறும். கிமோனோவில் அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் ஒற்றைத் துணியிலானது, ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் மெல்லிய சல்லாத் துணியிலானது என்பது மரபு.

இவ்வாறு காத்த கிமோனோ பழசானாலும் வீணாவதில்லை. 'அராய்ஹாரி' முறையில் தையலைப் பிரித்துத் துண்டுகளை இணைத்தால், அது மீண்டும் ஒரே நீளத் துணியாகிவிடும். அதை அலசி, இழுத்துக் கட்டி உலர்த்தி, அடுத்த தலைமுறையின் அளவுக்குத் தைத்துக்கொள்வார்கள். பாட்டியின் கிமோனோ பேத்திக்குப் பொருந்துவது இப்படித்தான்.