இழை இழையாய் ஓர் இறைத் திருவுருவம்

நம் இல்லங்கள் பலவற்றில் கூடத்துச் சுவரிலோ பூசையறையிலோ, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பிள்ளையாரோ ஆலிலைக் கண்ணனோ எழுந்தருளியிருப்பதைக் காணலாம். அவை தூரிகையால் தீட்டியவை அல்ல. மேட்டித் துணியில் கட்டம் எண்ணித் தைத்தவை. பள்ளித் தையல் வகுப்பில் கற்ற குறுக்குத் தையலைக் கொண்டு நம் அன்னையரும் அத்தைமாரும் மாதக்கணக்கில் அமர்ந்து உருவாக்கியவை. அவற்றுள் சில, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் பொலிவு குன்றாமல் விளங்குகின்றன. வேறு சிலவற்றிலோ, ஒருமுறை மழைநீர் பட்டதும் சிவப்புச் சாயம் பரவித் திருமுகமே கலங்கிவிட்டது. இரண்டையும் தைத்த கைகளில் குறைவில்லை. வேறுபாடு பெரும்பாலும் நூலில் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் இக்கலையை மீண்டும் கையிலெடுக்கும் அன்பர்கள் இன்று பலர். ஊசியை எடுக்குமுன் துணிக்கும் நூலுக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நலம். வங்கியில் பேரேடு எழுதியே பழகியவனாதலால், அந்தக் கணக்கை இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன்.

புள்ளிக் கோலம் அறிந்தவர்களுக்கு இத்தையல் எளிது. வரைபடத்தில் ஒரு கட்டம் என்பது துணியில் பெருக்கல் குறி போன்ற ஒரு தையல். 'ஐடா' என்னும் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள் கொண்டது பரவலாகக் கிடைக்கிறது. மேட்டித் துணியின் நெசவு ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே கடையிலேயே அளவுகோலை வைத்து எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். படம் அகலத்தில் 140, உயரத்தில் 196 கட்டங்கள் எனில், 14 கட்டத் துணியில் அது 10 அங்குலமும் 14 அங்குலமும் ஆகும். சட்டமிடுவதற்கு நாற்புறமும் 3 அங்குலம் விட வேண்டுமாதலால், 16க்கு 20 அங்குலத் துணி தேவை. கண்பார்வை மங்கியவர்கள் அங்குலத்துக்கு 11 கட்டங்கள் கொண்ட துணியைத் தேர்வது நல்லது. படம் சற்றுப் பெரிதாகும். கண்ணுக்கு இதமாக இருக்கும்.

அடுத்தது நூல். ஆங்கர், டி.எம்.சி. போன்ற நிறுவனங்களின் பருத்தி நூற்கண்டு ஒவ்வொன்றும் 8 மீட்டர் நீளமும் ஆறு இழைகளும் கொண்டது. 14 கட்டத் துணிக்கு அவற்றுள் இரண்டு இழைகளைப் பிரித்துக் கோத்தால் போதும். அவ்வாறு தைக்கையில், சேதாரம் நீக்கி ஒரு கண்டுக்குச் சுமார் 1,500 தையல்கள் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. பெருமாளின் திருமேனிக்குக் கருநீலத்தில் 6,000 கட்டங்கள் வருமாயின் 4 கண்டுகள் வேண்டும். ஒன்று கூட்டி 5 வாங்குக.

அந்த ஐந்தையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குவது மிக முக்கியம். எண் ஒன்றேயாயினும், வெவ்வேறு முறை சாயமேற்றிய நூல்களிடையே மெல்லிய வேறுபாடு தோன்றக்கூடும். கையில் வைத்துப் பார்க்கையில் தெரியாது. தைத்து முடித்துத் தள்ளி நின்று நோக்கினால் கோடு கிழித்தாற்போல் தெரியும். நூல் இடையில் தீர்ந்துபோய் இந்நிலை நேர்ந்தால் மனம் தளர வேண்டியதில்லை. என் துணைவியார் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. பழைய கண்டிலிருந்து ஓர் இழை, புதிய கண்டிலிருந்து ஓர் இழை எனச் சேர்த்துக் கோத்துச் சில வரிசைகள் தைப்பார். பின்னரே முழுவதும் புதியதற்கு மாறுவார். நிறம் படிப்படியாக மாறுவதால் கண்ணுக்குப் புலப்படாது.

நூற்கண்டின் தாளுறையை எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணே நிறத்தின் முகவரி. நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். கறுப்பு நிறம் டி.எம்.சி.யில் 310, ஆங்கரில் 403. வரைபடம் ஒரு நிறுவனத்தின் எண்ணையும் கடை வேறொரு நிறுவனத்தின் நூலையும் தருமானால், ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முதுமையில் கண்வில்லை மஞ்சள் பூப்பதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். ஆதலால் நிறம் பிரிப்பதைப் பகல் வெளிச்சத்தில் செய்க. பேரன் பேத்தியரைத் துணைக்கு அழைத்தால் வேலையும் நடக்கும், உறவும் வளரும்.

சாயம் நிற்குமா என்பதை எவ்வாறு அறிவது? சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல்களில் விரல் நீளம் வெட்டி, நனைத்த வெள்ளைத் துணிக்கிடையே வைத்து அழுத்தி உலர விடுங்கள். வெள்ளையில் கறை படிந்தால் அந்நூல் வேண்டாம். விலை குறைந்த நூலில் மிச்சமாகும் சில ரூபாய், ஆறு மாத உழைப்பை அழித்துவிடக்கூடும்.

ஊசி, முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். 14 கட்டத் துணிக்கு 24ஆம் எண் ஏற்றது. நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டலாகாது. நீண்டால் சிக்கும், மெருகும் தேயும். கிரீடத்துக்கும் ஆபரணத்துக்கும் சரிகை இழை சேர்ப்பதாயின் அரை முழம் போதும். இத்தகைய பொருள்களுக்குச் சென்னையில் சௌகார்பேட்டை வட்டாரம் பெயர் பெற்றது. மதுரையில் திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்தில் நெடுங்காலம் இருந்த தையற்கலைஞர்களும் கடைக்காரர்களும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்பெயர்ந்துள்ளனர்.

தையலின் பின்புறமும் கவனத்துக்குரியது. இமாசலப் பிரதேசத்துச் சம்பாவில், இறைவனுக்குப் படைக்கும் பொருள்களை மூடும் துணிகளில் கண்ணனின் ராசலீலையைத் தைப்பது மரபு. முறுக்கேறாத பட்டு நூலால், முன்புறமும் பின்புறமும் ஒன்றேபோல் தோன்றும்படி தைக்கிறார்கள். நமக்கு அந்த அளவு கைவராவிடினும், முடிச்சிடாமல் நூல் நுனியைத் தையல்களுக்கடியில் செருகிவிடலாம். முடிச்சுகள் இருந்தால், சட்டமிட்ட பின் திருவுருவத்தில் மேடுகளாகத் தெரியும்.

நிறைவுற்ற துணியைக் குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டை நுரையிட்டு அலசலாம், முறுக்கிப் பிழியலாகாது. சரிகை சேர்த்ததை நனைக்காதிருப்பதே நன்று. சட்டமிடுகையில் கண்ணாடி துணியின்மேல் படியாமல் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியின் மேலேயே இடுங்கள். ஈரமான மாலையும் தீபத்தின் புகையும் நேர் வெயிலும் ஓதமுள்ள சுவரும் நூலுக்குப் பகை.

புதிதாகத் தொடங்குவோர் பெரிய படத்துக்கு விரைய வேண்டாம். 40க்கு 40 கட்டத்தில் ஓர் 'ஓம்' அல்லது ஓர் அகல்விளக்கு. மூன்று அங்குலத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு நிறமும் ஓர் ஊசியும் போதும். அதைத் தைத்து, நனைத்து, உலர்த்திப் பாருங்கள். நூலின் குணமும் உங்கள் கையின் வேகமும் அதில் தெரிந்துவிடும். அதன்பின் இஷ்ட தெய்வத்தின் திருவுருவத்தைத் தொடங்குங்கள். முடிந்ததும் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஆண்டையும் தைத்து வையுங்கள். பின்னாளில் அதன்முன் விளக்கேற்றுவோர், எப்போது தைத்தது என்று தேட வேண்டியிராது.